வால்வுக் கழனி

கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டுதான் வேண்டும். அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். பொழுது விடிகிற நேரத்தில், என்னைக் கட்டிக்கொடுத்த ஊத்துக்கோட்டையில் ஏறினால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இறங்கும்வரை பாதித் தூக்கம், பாதி விழிப்பு. நெற்றி கண்ணாடியில் இடித்துக்கொண்டே வரும். வெளியே பனிக்குள் கழனிகள் வந்து வந்து போகும். அவை ஜன்னலில் வருகின்றனவா, கனவில் வருகின்றனவா என்று பல நாள் எனக்கே தெரியாது. இறங்கியதும் கார்களுக்குப் போகும் ஒயர்களை நாள் முழுக்க நின்றபடி கட்ட வேண்டும். அதனால் இந்தப் பாதித் தூக்கத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வழியில் நான் பிறந்த ஊர் வரும். ஏரிக்கரை வளைவில் ரோடு மோசம், பஸ் ஊர்ந்துதான் போகும். ரோட்டை ஒட்டியே எங்கள் ஊர்க் கழனிகள். கண்ணைத் திறக்காமலே அவற்றின் பேரை வரிசையாகச் சொல்லிவிடுவேன்.

பேர் என்றால் பட்டாவில் இருக்கிற பேர் இல்லை. எங்கள் ஊரில் ஒரு கழனியை எந்த வியாதிக்காக விற்றார்களோ, அந்த வியாதிதான் அதற்குப் பேர். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சிறுமியாக இருந்தபோதே அப்படித்தான். "கிட்னிக் கழனில மாடு மேயுது, போய் ஓட்டு" என்பார்கள். பையன்கள் பக்கவாத மேட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். கேட்கிற வெளியூர்க்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். எங்களுக்கு அது வெறும் அடையாளம், புளியமரத்தாண்ட திரும்பு என்பது மாதிரி.

கிட்னிக் கழனியில் இப்போது நெல் இல்லை. பிளாட் போட்டு, மஞ்சளும் சிவப்புமாகக் கல் நட்டிருக்கிறார்கள். அதன் பழைய சொந்தக்காரர், எனக்கு மாமா முறை, எங்கள் தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார். மனைவிக்காக விற்றார். கழனி போனது, கொஞ்ச நாளில் மனைவியும் போனார். அதற்கு அடுத்தது பெட்டிப் பாப்பா கழனி. குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள், அதற்குப் போனது. அந்தப் பாப்பா இன்று பொன்னேரிக்குக் காலேஜ் போகிறாள். பஸ்ஸுக்கு நிற்பது அந்தக் கழனிக்கு எதிரில்தான். "ஒரு கழனியையே முழுங்கிட்டு எப்படி ஒல்லியாவே கீற?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் அவளைக் கிண்டல் செய்வார்கள். அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

மூன்றாவது எங்களுடையது. ஏரி மடையை ஒட்டி இருப்பதால் மடையடிக் கழனி. வியாதிப் பேர் இல்லாத கழனி, அந்த வரிசையில் அது ஒன்றுதான் மிச்சம். அதைத் தவிர எங்கள் வீட்டுக்கு வேறு நிலமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் அப்பாவை, நாங்கள் கூப்பிடுகிறபடி சொன்னால் நைனாவை, யாருக்கும் புரியாது. எங்கள் ஊரில் கழனியை விற்று வைத்தியம் பார்ப்பது அழிவு மட்டும் இல்லை, பெருமையும்கூட. "வித்துப் பாத்தான்யா" என்றால் அதற்கு மேல் ஒரு புருஷனுக்கு நல்ல பேர் கிடையாது. விற்காமல் இருந்து, வீட்டில் யாராவது போய்விட்டால், கருமாதி முடிவதற்குள் பேச்சு எழுந்துவிடும். கழனியைக் கட்டிக்கொண்டு அழுதான், ஆளை விட்டுவிட்டான் என்று.

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது ஒரு நடவின்போது, நானும் லீவு போட்டு வந்திருந்தேன். நாற்றுமுடியோடு குனிந்தவள் நிமிரவில்லை. வரப்பில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். வெயில் என்றாள். அப்புறம் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். திருவள்ளூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருக்கிறது, சென்னைக்குப் போய் வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். நைனா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நைனாவிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்கும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் மட்டும்தான் அது வெளியே வரும். யார் வீட்டிலும் கல்யாணம் இல்லை.

"எங்க நைனா போற?"

"சும்மா. ஒரு ஆள பாத்துட்டு வரேன்."

"கழனிய வாங்குற ஆளா?"

செருப்பைத் தேடினார். காலுக்கு முன்னால்தான் இருந்தது.

சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு, அரசாங்கக் காப்பீட்டு அட்டையை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். ஊரில் முகாம் போட்டபோது எல்லோரும் வாங்கினார்கள், நைனாவும் வாங்கினார். வாங்கி, விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்துச் சாமியிடம் ஒப்படைத்ததோடு சரி.

"இது கீது இல்ல? ஆப்பரேஷனுக்கு இதுல பாப்பாங்க நைனா."

"அது இல்லாதவங்களுக்கும்மா. நமக்குத்தான் கழனி கீதே."

"கழனி கீறவங்களுக்கும்தான். வருமானத்த பாத்துத்தான குடுத்தாங்க? உன் வருமானம் இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

"பாப்பா, பேஜாரு பண்ணாத. உங்க அம்மா இத்தினி வருசம் என்கூட மண்ணுல பொரண்டா. அவளுக்கு ஓசில வைத்தியம் பாக்கச் சொல்றியா?"

அவர் குரல் உடைந்துவிட்டது. அட்டையை நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனிதர் பிடிவாதத்தால் அப்படிச் சொல்லவில்லை, ஆசையால் சொல்கிறார். அம்மாவுக்கு அவர் புடவை வாங்கிக் கொடுத்துக்கூட நான் பார்த்தது குறைவு. இருப்பதிலேயே பெரிய பொருளைக் கொடுத்து அவளை மீட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அட்டையைக் கொடுத்தால் அவர் கொடுத்ததாக ஆகாதே.

கழனியை விலை பேசி, வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று முடித்துவிட்டு வந்தார்.

முந்தின நாள் மதியம் அம்மா, கழனியைப் பார்க்க வேண்டும் என்றாள். நடக்க முடியாது. ஷேர் ஆட்டோ பிடித்து, வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனோம். மோட்டார் கொட்டகை நிழலில் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தோம். நான் வரப்பில் உட்கார்ந்தேன். நைனா மடையோரம் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பால் பிடிக்கிற பருவம். அந்த வாசனையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பச்சையாக, கொஞ்சம் இனிப்பாக, குழந்தையின் வாய் வாசனை போல இருக்கும். காற்று நெல்லைத் தடவிக்கொண்டு போகும்போது கழனி முழுதும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. தூரத்தில் தொழிற்பேட்டைப் புகை மேகத்தோடு மேகமாகக் கலந்திருந்தது. கொக்குகள் அசையாமல் நின்றன. எனக்குக் கண் செருகியது. அம்மா, நைனா, கொக்கு எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. அந்த மதியம் முடியவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

அம்மாவின் குரல்தான் எழுப்பியது.

"யோவ், இங்க வா."

நைனா வந்தார்.

"நாளைக்கு இத வித்துட்டா, அப்பால இதுக்கு இன்னா பேரு?"

நைனா நெல்லைப் பார்த்தார்.

"சொல்லுய்யா. இன்னா பேரு வெப்பாங்க?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப?"

"என் சீக்கு பேர வெப்பாங்க. நான் பொழச்சி வந்து, யாரோ ஒருத்தன் கழனிய என் சீக்கு பேரச் சொல்லிக் கூப்புடறத கேட்டுக்கினு, அதுல கூலிக்கு நாத்து நடணும். அதான உன் ஆச?"

"நான் உன்னக் காப்பாத்தணும்னுதான்..."

"நீ எனக்கு வைத்தியம் பாக்குறியா, ஊருக்கு வைத்தியம் பாக்குறியா?"

மூச்சு வாங்கியது அவளுக்கு. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. நைனா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "கார்டு செல்லலன்னா?" என்றார்.

"செல்லலன்னா வித்துக்கோ. கேக்காமயே ஏன் விக்கற?" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை வாங்க வந்த ஆள் தட்டோடு வீட்டுக்கு வந்தபோது பூட்டுத்தான் தொங்கியது. நாங்கள் சென்னையில் இருந்தோம், ஒரு பெரிய மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டருக்கு முன்னால். போனில் நைனா அவரிடம் "இப்ப விக்கலைங்க, மன்னிச்சிடுங்க" என்று சொல்லும்போது, எதிரில் ஆள் நிற்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். அன்றும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்.

கவுன்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கிப் பார்த்தாள், ஆதாரை வாங்கினாள், அம்மாவைக் கட்டிலில் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்றாள். அதைக் கேட்டதும் அம்மா சீப்பு கேட்டாள். மூச்சு விட முடியாதவள் தலை வாரி, பொட்டை நேராக்கிக்கொண்டு, கேமராவை முறைத்தாள். "சிரிங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "இது கவர்மென்ட்டு போட்டோ. சிரிச்சா ஒத்துக்குவாங்களா?" என்றாள் அம்மா. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள்.

அனுமதி வர வேண்டும், காத்திருங்கள் என்றார்கள். எனக்கு லீவு இல்லை, வேலைக்குத் திரும்பினேன். நைனா அங்கேயே வராந்தாவில் இருந்தார். சும்மா இருக்கிற ஆளா? அட்டை வைத்திருந்த ஒவ்வொருவரையும் விசாரித்திருக்கிறார். எந்த ஊர், என்ன சீக்கு, கழனி கீதா. சாயங்காலம் போனில் எனக்குச் செய்தி வாசிப்பார்.

"சோழவரத்துக்காரர் ஒருத்தர் கீறாரு பாப்பா. கழனி கீதாம், மாடும் கீதாம். அவரும் கார்டுதான்."

"சரி நைனா."

"ஆரணில மளிகைக் கட வெச்சிக்கினு கீற ஒரு அம்மா. அதுவும் கார்டுதான்."

அவருக்கு அதிர்ச்சி தீரவில்லை. ஏதோ கூட்டாகத் தப்பு செய்பவர்களைக் கண்டுபிடித்ததுபோல முதலில் பேசினார். நாளாக நாளாகக் குரல் மாறியது. அவர்களோடு சேர்ந்து நாஷ்டா சாப்பிடப் போனார். யாருடைய பேஷன்ட்டை உள்ளே கூப்பிட்டாலும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்றார்.

வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். ஒரு நாள் டீ டைமில் எடுத்துப் பார்த்தால் நைனாவிடமிருந்து மிஸ்டு கால்கள். கூப்பிட்டேன்.

"பாப்பா," என்றார். "மொற வந்துச்சி."

எனக்குப் புரியவில்லை. "இன்னா மொற?"

"நம்ம மொற. ஏரித் தண்ணி மாதிரிதாம்மா இது. தண்ணி எல்லாருதும். மொற வந்தா மடைய தொறந்து பாச்சிக்கினு, அடுத்தவனுக்கு உடணும். அத ஓசின்னா சொல்றோம்? நான்தான் புரியாம பேசிட்டேன். அம்மாவுக்கு அனுமதி வந்துடுச்சி."

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. லாக்கர் கதவில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் லைனில் லாக்கர் கதவில் அழுவது ஒன்றும் புதிதில்லை.

ஷிப்ட் முடிந்து போகும்போது கேட்டில் கிட்னிக் கழனி மாமா நின்றார். சொன்னேன். என்னை மறந்துவிட்டதுபோலப் பேரிகேடைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ இந்தக் கார்டு இல்ல பாப்பா," என்றார். "இருந்திருந்தா அவளுக்கு இன்னும் கொஞ்ச நாளு பாத்திருப்பேன். கழனி காலியானதும் நிறுத்திட்டேன்."

அவர் மனைவி போய் எத்தனையோ வருஷம் ஆகியும், அவர் இதை யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. ஊர் முழுக்க அவரை "வித்துப் பாத்தவன்" என்று மெச்சுகிறது. எனக்குச் சந்தோஷப்பட்டதற்கே வெட்கமாக இருந்தது. அவரே சமாளித்துக்கொண்டு, "கழனிய சும்மா போடாத, நைனாவ நட சொல்லு" என்று சொல்லிக் கேட்டைத் திறந்தார்.

ஆப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. அம்மாவுக்கு வைத்தது உலோக வால்வு. வார்டில் சத்தம் அடங்கிய ஒரு மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது முதலில் கேட்டேன். டிக், டிக், டிக். சுவரில் கடிகாரம் தேடினேன், இல்லை. அம்மா கண்ணை மூடியபடியே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நைனாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். குனிந்து, ஆள் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் தோளருகே காதை வைத்தார். அப்படியே இருந்தார்.

"மோட்டாரு நல்லா ஓடுது," என்றார்.

எல்லாமே அட்டையில் நடந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். போகவர பஸ், சாப்பாடு, நைனா வேலைக்குப் போகாத நாட்கள், எல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்தன. ரத்தம் உறையாமல் இருக்க அம்மா தினமும் மாத்திரை போட வேண்டும், அவ்வப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஆசைப்பட்ட கீரையை அளவாகத்தான் சாப்பிட வேண்டும். அதற்கு அவள் டாக்டரைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே. ஆனால் இதெல்லாம் சமாளிக்கிற கஷ்டம், ஒரு குடும்பத்தை அடியோடு சாய்க்கிற கஷ்டம் இல்லை. கிட்னிக் கழனி மாமாவைத் தினமும் கேட்டில் பார்க்கிறவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அடுத்த பட்டத்துக்கு நாற்று விட்டார்கள். அம்மா குனியக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியை மோட்டார் கொட்டகை அருகில் நிரந்தரமாகப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் போய் உட்கார்ந்து, நைனாவையும் கூலியாட்களையும் அதட்ட ஆரம்பித்தாள். நான் பழையபடி ஜன்னலில் தூங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒரு காலையில் பஸ் வளைவுக்கு வரும் நேரம், பின் சீட்டிலிருந்து எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி டிரைவரிடம், "அண்ணா, வால்வுக் கழனியாண்ட ஒருத்தி ஏறணும், நிறுத்துங்க" என்றாள். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. எங்கள் கழனி! விற்கவே இல்லை, அதற்குள் பேர் வைத்துவிட்டார்களா? வந்த கோபத்தில், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சொன்னேன். அம்மாவும் பொங்குவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"வெச்சா வெச்சிட்டுப் போவட்டும். நான் இங்கதான குந்திக்கினு கீறேன்?"

நைனா மீசையைத் தடவினார். அவருக்கு உள்ளுக்குள் பெருமை. விற்காமலே ஊர் அவருக்கு அந்தப் பேரைக் கொடுத்துவிட்டதே.

போன வாரம் என் பக்கத்தில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்தாள். பக்கத்து ஊர், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வளைவில் பஸ் ஊர்ந்தபோது வெளியே எட்டிப் பார்த்து, "இதான் வால்வுக் கழனியாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தானே, பேரின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். உச்சுக்கொட்டினாள்.

"பாவம். பொழச்சாங்களா? கழனி இப்ப யாருதுக்கா?"

பனி இன்னும் விலகவில்லை. நாற்று புகைபோலத் தெரிந்தது. அதற்குள் மங்கலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு உருவம். பஸ் சத்தம் கேட்டு, தினமும் செய்வதுபோல, அது கையைத் தூக்கியது.

நான் எழுந்து அந்தப் பெண்ணை ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரவைத்தேன்.

"அதோ, கை ஆட்டறாங்க பாரு," என்றேன். "அவங்களுதுதான்."